பேருந்தின் பின்னால் உட்கார்ந்தவர்

மராத்தி ஊரான லோஹேகாவில் எங்கள் பள்ளிப் பேருந்துகளை நான் கவனித்துக்கொண்டிருந்தபோது, வண்டிக்குப் பின்னால் ஏதாவது இருந்தால் கத்தும் ரேடாரைப் பொருத்த, பக்கத்துத் தொழிற்பேட்டையான சாகணிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வருவார். முப்பது வயதிருக்கும், முழங்கையில் எப்போதும் கிரீஸ். பெயரை நான் கேட்டதில்லை.

ஒரு மழைக்காலத்தில், ரேடார் சும்மா சும்மா கத்துகிறது என்று டிரைவர் அதன் வயரைப் பிடுங்கிவிட்டார். அந்தப் பெண் வந்து, பம்பரிலிருந்த ரேடார்மேல் அப்பியிருந்த சேற்றைத் துடைத்து வயரை மாட்டினார். பிறகு டிரைவரிடம் மராத்தியில், தான் பின்னால் இருப்பதாகவும் வண்டியை மெதுவாகப் பின்னால் எடுக்கும்படியும் சொல்லிவிட்டு, பேருந்துக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

எனக்குப் பதறியது. "ஒரு டப்பாவ வச்சுப் பாக்கலாமேம்மா?"

"டப்பான்னா அசால்டா எடுப்பாரு சார். ஆள் இருந்தா காது குடுத்துக் கேப்பாரு."

உள்ளே பீப் ஒலி கேட்டது. பேருந்து நான்கடி தள்ளி நின்றது. இறங்கி வந்த டிரைவருக்கு வியர்த்திருந்தது. இனி ரேடாரைத் தானே துடைப்பதாக, அந்தப் பெண்ணிடமிருந்து துணியை வாங்கிக்கொண்டார்.

"நீங்களும் ஒருக்கா உக்காந்து பாருங்க சார்" என்றார் அந்தப் பெண்.

உட்கார்ந்தேன். எங்கள் யூகேஜி பிள்ளைகளின் உயரம் அது. அங்கிருந்து டிரைவரும் தெரியவில்லை, கண்ணாடியும் தெரியவில்லை; மஞ்சள் தகரம் மட்டும் சுவர் மாதிரி நின்றது. எத்தனை வண்டிகளுக்குப் பின்னால் அவர் அத்தனை நிதானமாக உட்கார்ந்திருப்பார் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.