பேயை நம்பியவர்கள்

இன்று நான் குடியேறிய லூயிஷாமில் எங்கள் வாசிப்புக் குழு கூடியது. எடுத்தது ஒரு பழைய அமெரிக்கப் பேய்க்கதை. தனியாக இருக்கும் ஒருவன், செத்துப்போன பெண் முற்றத்தில் நிற்பதை ஜன்னலால் பார்க்கிறான். வேறு சாட்சி இல்லை.

அவனுக்குப் பைத்தியமா, வந்தது பேய்தானா என்று நெடுநேரம் பேசினோம். கடைசியில் குழுவை நடத்தும் மார்கரெட் சொன்னார்: "கண்ணால் கண்டவன் சொல்கிறான். பொய் சொல்லி அவனுக்கு என்ன லாபம்? நான் நம்புகிறேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

பிறகு தேநீர் குடிக்கும்போது அவரே நான் விட்டுவந்த ஊரின் நிலைமையைக் கேட்டார். அங்கே வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் என் தம்பியை இழுத்து ஏற்றிக்கொண்டு போனதை நானும் ஒரு ஜன்னலால் பார்த்தவன். அதைச் சொன்னேன்.

"நிச்சயமாகத் தெரியுமா? செய்தியில் அப்படி ஒன்றும் வரவில்லையே" என்றார், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குக் கதை சொல்லத் தெரியாதப்பா. பேய் வந்து தூக்கிக்கொண்டு போனது எண்டு சொல்லியிருந்தால் உடன நம்பியிருப்பினம்."

அடுத்த கூட்டத்தில் அப்படியே சொல்லப்போகிறேன். என்னைப் போல ஆளைப் பறிகொடுத்தவர்களே, உங்கள் வீட்டுக்கு வந்தது எந்தப் பேய்?