என் தங்கை கை மெலிசு இல்லை

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கிட்டார்?" என்ற அப்பாவை ஜெயித்தாள். குட்டை விரல்களுக்கு எட்டாத தந்திகளை எட்டிப் பிடித்தாள். பகலெல்லாம் அச்சகத்தில் தாள் மடித்துக்கொண்டே சித்தப்பாவின் இசைக்குழுவில் இடம் வாங்கினாள். சித்தப்பாவை ஜெயிக்கத்தான் வருடக்கணக்காயிற்று.

இருவருக்கும் ஒரே மாதிரி ஆம்ப்ளிஃபயர், ஒரே மாதிரி ஸ்பீக்கர் பெட்டி. ஆனால் மேடையில் சித்தப்பாவின் கிட்டார் கணீரென்று கேட்கும். இவளுடையது போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் முனகும். சத்தக் குமிழை முழுக்கத் திருகினாலும் அதே கதிதான்.

"உன் கை மெலிசும்மா. தனியா வாசிக்கிற ஆசையெல்லாம் விட்டுடு" என்பார் சித்தப்பா.

"அக்கா வாசிக்கிறாங்களா, கிட்டாரைத் தூங்க வைக்கிறாங்களா?" என்பான் டிரம்ஸ்காரன்.

அவள் இன்னும் ஓங்கி அடித்தாள். மணிக்கட்டு வீங்கியது. நான் ஒத்தடம் கொடுத்தேன். மறுநாளும் அடித்தாள்.

ஒருநாள் ஒத்திகைக்குச் சித்தப்பா வரத் தாமதமானது. அவளை அழைத்துப்போக நானும் போயிருந்தேன். அவள் பெட்டியின் ஒயர் அறுந்துவிட, தன் ஆம்ப்ளிஃபயரைச் சித்தப்பாவின் பெட்டியில் செருகித் தந்தியைத் தட்டினாள். டிரம்ஸ்காரன் காதைப் பொத்திக்கொண்டான்.

"யம்மாடி! யாரு வாசிக்கிறது?"

அவள் சித்தப்பா பெட்டியின் பின்பலகையைக் கழற்றினாள். உள்ளே இருந்த ஸ்பீக்கரின் ஓரத்தில் என் சிவப்பு நகப்பூச்சு. அவள் பெட்டி வாங்கிய புதிதில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்த இடத்தில் நானே தடவி ஒட்டியது. அவளுடைய பெட்டிக்குள் வேறொன்று கிடந்தது. இரண்டிலும் ஒரே வாட்தான் எழுதியிருந்தது. அந்த எண் ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு சத்தம் தரும், எப்படிப்பட்ட குரலில் தரும் என்பதைச் சொல்லாது.

சித்தப்பா வந்தார். மழுப்பக்கூட இல்லை.

"ஆமா, மாத்தினேன். குடும்பத்துக்குள்ள என்னடி உன்னுது என்னுது?"

"அப்ப என் கை மெலிசுன்னு சொன்னது?"

"ரெண்டு பேரும் கணீர்னு வாசிச்சா பாடறவன் எங்க போவான்?"

அவள் தன் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "சித்தப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். தங்கை மறுத்ததால் அம்மா அவளோடு பேசுவதையே விட்டாள். மணிக்கட்டைப் பார்த்த டாக்டர், "முன்னாடியே ஓங்கி அடிக்கிறதை நிறுத்தியிருக்கணும். இனி ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான் வாசிக்கலாம்" என்றார்.

அந்த அரைமணி நேரத்துக்கே ஒரு ஓட்டலில் தனியாக வாசிக்க இடம் கிடைத்தது. சொந்த ஸ்பீக்கரில் மெல்லத் தட்டினாலே கூடம் முழுக்கக் கேட்டது. ஒப்பந்தத்தை நீட்டினார் மேனேஜர். குழுவில் எல்லாருக்கும் சித்தப்பாவே கையெழுத்துப் போட்டுவந்ததால், "நானா போடணும்?" என்று கேட்டாள்.

"நீங்கதானே வாசிக்கிறீங்க?" என்றார் அவர்.

வலித்த கையாலேயே போட்டாள். கீழே தேதியையும் எழுதினாள்: 1996, ஆகஸ்ட் 23.