ஈயப் பெட்டிக்குள் கல்யாண மோதிரம்

பேய், சகுனம் எதையும் நம்பாத ஆள் நான். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார், அளந்து பார்க்காத எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அளந்ததால்தான் இந்த வம்பே வந்தது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஓர் அணுக்கரு மேல் நியூட்ரான் மோதினால் அதை விழுங்குமா, விட்டுவிடுமா? விண்மீனுக்குள் தங்கம் உண்டான கதையிலிருந்து அணு உலை கட்டுவது வரை அந்த வாய்ப்பின் அளவு வேண்டும். அதைத்தான் அளந்துகொண்டிருந்தேன். ஒப்பிடத் தங்கத் தகடு தேவை, ஆர்டர் போட்டது வரவில்லை, நியூட்ரான் கருவியோ எனக்கு ஒரே வாரம்தான். பொறுமை போய், கல்யாண மோதிரத்தையே கழற்றி நியூட்ரானுக்குக் காட்டிவிட்டேன். காட்டினால் தங்கம் கதிர்வீசும். இரண்டே முக்கால் நாளுக்கு ஒருமுறை அந்த வீச்சு பாதியாகும். வெள்ளிக்கிழமை, ஜில்லென்ற ஏசி அறையில், ஈயப் பெட்டிக்குள் கதிரை எண்ணும் கருவியோடு வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் வெளியே எடுக்கக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி ஜெஸி, "என்னங்க, நாளைக்கு நம்ம வெட்டிங் டே. சர்ச்ல முன்னாடி போய் நிக்கணும், ஞாபகம் இருக்குல்ல?" என்றாள். தங்கம் பாதியாகும் கணக்கு மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

பெருங்களத்தூர் சர்ச்சில், மே மாதப் புழுக்கத்தில், கையைப் பாக்கெட்டை விட்டு எடுக்கவே இல்லை. பாஸ்டர் விடவில்லை. "பிரதர், ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கோங்க, ஜெபம் பண்ணலாம்."

மாட்டினோம் என்று கையை நீட்டினேன். ஜெஸி பிடித்தாள், மோதிர விரலைத் தடவினாள், என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள். குனிந்து பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், விரல் வெறும் விரலாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஓடினேன். பூட்டு அப்படியே, மோதிரமும் உள்ளேயே. ஆனால் திரையில் தங்கத்தின் கோடு ஒழுங்காக இறங்கி வந்து, ஞாயிறு எட்டரையிலிருந்து பத்தரை வரை தரையோடு படுத்துக் கிடந்தது, பிறகு எழுந்து விட்ட இடத்திலிருந்தே இறங்கியது. எட்டரை முதல் பத்தரை வரைதான் ஆராதனை.

"கரண்ட் போயிருக்கும், பேஜார் ஆவாதீங்க சார்" என்றார் டெக்னீஷியன் பாஷா அண்ணா. கரண்ட் போகவே இல்லை. கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்த இரண்டு மணி நேரம் தங்கம்தான் இல்லை. அளவீட்டை அப்படியே தூக்கிப் போட்டேன். மிச்ச நாட்களுக்கு விரல் வீக்கம் என்று வீட்டில் சமாளித்தேன்.

சர்ச்சில் எடுத்த படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவள் கைதான் என் விரலை மூடியிருக்கிறது. ஜெஸியிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன வாரம் அந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஆமா, அன்னைக்கு அந்த வெக்கையில உங்க மோதிரம் மட்டும் ஏங்க ஐஸ் மாதிரி இருந்துச்சு?"