கோழிகளுக்கு ஒரு தரை

மலையில் ஏற்றும் கார்த்திகை தீபம் பார்க்க எங்கள் ஊருக்கு வருகிற சொந்தக்காரர்கள் மாற்றுத் துணி கொண்டுவருவார்கள், முறுக்கு கொண்டுவருவார்கள். என் அத்தை ஐந்து கோழிகளைக் கொண்டுவந்தாள்.

அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. போளூர் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், குழந்தைகள் இல்லை. தீபத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு மூங்கில் கூடையைப் பழைய புடவையால் மூடிக் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

"ஊர்ல பாத்துக்க ஆளு இல்லண்ணா. தீபம் முடிஞ்சதும் தூக்கிகினு போயிடறேன்."

அப்பா கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கம்பி வலை வாங்கி வந்தார். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த இடத்தை வளைத்துக் கட்டி, ஒரு மூலையில் தகரம் போட்டுக் கோழிகளை உள்ளே விட்டோம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஐந்துக்கும் பெயர் வைத்தேன். இரண்டு நாளில் எந்தப் பெயர் எந்தக் கோழிக்கு என்பது எனக்கே மறந்துவிட்டது.

தீபம் முடிந்தது. ஊரை நிறைத்திருந்த கூட்டம் வடிந்து, பஸ்கள் பழைய வழியில் ஓட ஆரம்பித்தன. அத்தை போகவில்லை. போவதைப் பற்றி யாரும் பேசவுமில்லை. அந்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது.

ஐந்து கோழிகள் ஒரு சின்ன இடத்தை என்ன செய்யும் என்பதை அன்றுவரை நாங்கள் அறிந்திருக்கவில்லை. இருந்த கொஞ்சம் பச்சையையும் கிளறித் தின்று முடித்திருந்தன. மழை விழுந்ததும் அந்த இடம் சேறாயிற்று. சேறும் எச்சமும் கலந்து அடித்த நாற்றம் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து சாம்பாரோடு உட்கார்ந்துகொண்டது. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு டீச்சர் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"ஒண்ணு இந்த எடத்துக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா கோழிங்கள யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்றாள் அம்மா.

அப்பா முதலில் வீடு கட்டியபோது மிஞ்சிய எம்-சாண்ட் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினார். வெயில் வந்ததும் அது இறுகிப்போனது. கோழிகள் கிளறிக் கிளறிப் பார்த்து, அலுத்துப்போய், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. அடுத்து, அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி, செக்கிலிருந்து நான்கு மூட்டை மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், வந்தது. பரப்பியபோது அழகாகத்தான் இருந்தது, நடந்தால் மொறுமொறுவென்றது. மூன்றாம் நாள் மழையில் அது ஊறி, அடுத்த இரண்டு நாளில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. ஒரு கோழி மனிதர்களைப்போலத் தும்மியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே தனியாக உட்கார்ந்து அத்தனை தோலையும் வாரி வெளியே கொட்டினாள்.

அப்பா முடிவுக்கு வந்துவிட்டார். "சிமெண்டு போட்டுடலாம். ஒரு நாள் வேலை. தெனம் கழுவி வுட்டா நாத்தமே இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்து அளப்பதற்கு நாடாவை விரித்தார். அத்தை வலைக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தாள், அளக்க இடம் விடவில்லை.

"சிமெண்டு வேணாம்ணா. கால் புண்ணாயிடும். கெளறாம கோழி எப்படி இருக்கும்?"

"அப்ப இன்னாதான் போடறது?"

"தகரத்துக்குக் கீழ உமி போடலாம். நனையாது. மீதி எடத்துக்கு அருகம்புல்லு வெக்கறேன்."

"புல்லா? காலைல வெச்சா சாயங்காலம் துன்னுட்டுப் போயிடும்."

அப்பா சொன்னது சரிதான். அத்தை ஏரிக்கரையிலிருந்து ஒரு கோணி நிறைய வேரோடு பெயர்த்து வந்து நட்டாள். நட்டு முடித்துக் கை கழுவி வருவதற்குள் கோழிகள் பாதியைப் பிடுங்கிப் போட்டிருந்தன. மேஸ்திரியை மறுபடி வரச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அத்தை அசரவில்லை. கதவு, ஜன்னல் செய்தபோது மிஞ்சிய ரீப்பர் கட்டைகள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. அவற்றை நான்கு பக்கமும் சேர்த்து, நான்கு விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்தாள். அதன்மேல் கம்பி வலையை இழுத்து ஆணியடித்தாள். புல்லை நட்டு இந்தச் சட்டத்தை மேலே கவிழ்த்துவிட்டால் போதும். புல் வலையைத் தாண்டி எட்டிப் பார்க்கும்போது கோழிகள் நுனியை மட்டும் தின்னும். வேரைக் கிளற முடியாது. மற்ற இடத்தில் காய்ந்த சருகைக் கொட்டிவிட்டால் இஷ்டத்துக்குக் கிளறிக்கொள்ளும்.

அப்பா சட்டத்தின் மேல் ஏறி நின்று பார்த்தார். உடையவில்லை.

"எத்தினி நாளாவும் புல்லு வர்றதுக்கு?"

"ரெண்டு மாசம் ஆவும்ணா" என்றாள் அத்தை, ஆணியைப் பார்த்துக்கொண்டே.

"ரெண்டு மாசமா?" அப்பா அம்மாவைப் பார்த்தார்.

கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்ன அதே அம்மா சொன்னாள்: "ஆவட்டுமே. நமக்கு இன்னா அவசரம்?"

பெரியவர்கள் நொடிக்கு நொடி மனதை மாற்றிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரி அப்புறம் வரவில்லை. அத்தை ஆறு சட்டம் அடித்தாள். ஆணி எடுத்துக் கொடுப்பது என் வேலை. மார்கழி பிறந்து மழை நின்றதும் காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினாள். புல் வெளுத்துக் கிடந்து, பிறகு மெல்ல நிறம் பிடித்தது. அத்தைக்கும் முகம் தெளிந்திருந்தது. வந்த புதிதில் வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள். இப்போது கோழிகளை வாய் நிறையத் திட்டினாள்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு காலை, மாமா வந்தார். அத்தையின் வீட்டுக்காரர். வெள்ளை வேட்டி, கையில் ஆப்பிள் பை. என்னைக் கண்டதும் சிரித்தார். ஹாலில் அவருக்குக் காப்பி கொடுத்தார்கள். அத்தை உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே பின்பக்கம் எழுந்து வந்தார். பின்னாலேயே அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்.

"கெளம்பு. ஊர்ல கேக்கறவனுக்கெல்லாம் நான் பதில் சொல்லிகினு இருக்க முடியாது" என்றார் மாமா.

அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"புல்லு இப்பத்தான் வேர் புடிச்சிருக்கு. வுட்டுட்டு வந்தா காஞ்சிடும். தண்ணி ஊத்த ஆளு இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை நாள் ஆணி மட்டும் எடுத்துக் கொடுத்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு!

"நான் ஊத்தறேன் அத்தை! எனக்கு லீவுதான். நீ போயிட்டு வா!"

பூவாளியிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"பாரு, கொழந்தையே சொல்லுது" என்றார் மாமா.

அம்மா வந்து என் தோளைப் பிடித்து இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். பிடி வலித்தது. "அவளுக்கு இன்னா தெரியும்? அவ தண்ணி ஊத்தி ஒரு செடி பொழைச்சதில்ல."

அது பச்சைப் பொய். வாசலில் நான் வைத்த கனகாம்பரம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் இன்னும் அழுந்தின.

அப்பா யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. போய் அத்தைக்கும் மாமாவுக்கும் நடுவே நின்றுகொண்டார். "மாப்ள, புல்லு வரட்டும். அவளா வரேன்னா நானே கொண்டாந்து வுடறேன். அதுவரைக்கும் நீங்க வராதீங்க."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆப்பிள்களை மதியம் நாங்கள் சாப்பிட்டோம், அம்மா மட்டும் தொடவில்லை.

தை மாதம் புல் வலைக்கு மேலே வந்தது. கோழிகள் வரிசையாக நின்று நுனி கடித்தன. டீச்சர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து முட்டை கிடைக்குமா என்று கேட்டார். அத்தை ஊருக்குப் போகவில்லை. செங்கம் ரோட்டில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அந்தச் சமையலறையே அவள் பொறுப்பில் இருக்கிறது. போளூர் வீட்டில் அவளுக்கு என்னென்ன நடந்தது என்று நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ அன்னிக்கி வாயத் தொறந்தப்ப எனக்கு உசுரே போயிடுச்சு" என்றாள்.

ஆனால் அன்று, மாமா போன அந்தச் சாயங்காலம், எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். எனக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்களே. யாரிடமும் கேட்காமல் பூவாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், ஆறு சட்டத்துக்கும் நானே ஊற்றினேன். கடைசிச் சட்டத்துக்கு ஊற்றும்போது அத்தை பின்னாலிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் முகம் என் தலையில் அழுந்தியிருந்தது, என் வகிடெல்லாம் ஈரமாயிற்று.

நான் பயந்துபோய்ப் புல்லைப் பார்த்தேன்.

"ஜாஸ்தி ஊத்திட்டேனா அத்தை?"