மச்சான் ஓட்டிப் பார்த்த மிஷின்

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தாம்பரத்தைச் சுற்றியுள்ள காலனிகளில் மரம் வெட்டுவதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. அவர் மேலே ஏறுவார், நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். பதினெட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

மரத்தை வெட்டுவதைவிட வெட்டிய கிளைகளை அப்புறப்படுத்துவதுதான் பெரும்பாடு. முன்பெல்லாம் காலி மனையில் போட்டுவிடுவோம். இப்போது காலி மனை எங்கே இருக்கிறது? அதனால் கிளைகளைத் தூளாக அரைக்கிற மிஷின் வாங்க முடிவு செய்தோம்.

மச்சான், ரப்பர் பட்டை போட்டதுதான் வேண்டும் என்றார். புல்டோசரில் சக்கரத்துக்குப் பதிலாக இருக்குமே, அந்த மாதிரிப் பட்டை. நம்ம பக்கம் பாதி ஏரி நிலம், மழை பெய்தால் சக்கரம் நிற்காது என்பது அவர் வாதம். நான் சக்கரம் வைத்ததே போதும் என்றேன். அதை நம் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம், பட்டை வைத்ததை ஒவ்வொரு தடவையும் வண்டியில் ஏற்றி இறக்க வேண்டும். தங்கச்சி வீட்டுக்காரன் என்பதால் என்னிடம் எப்போதும் விட்டுக்கொடுப்பார். அன்றும் விட்டுக்கொடுத்தார்.

அடுத்த மழையில் முடிச்சூர் பக்கம் ஒரு வீட்டின் பின்புறத்தில் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்துவிட்டது. வண்டியிலிருந்து கழற்றி, மிஷினைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போனோம். பின்பக்கம் கால்வாயை நோக்கிச் சரிவு. மச்சான் குனிந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். மண் இளகி, கல்லோடு சேர்ந்து மிஷின் சறுக்கியது. முன்பக்கக் கம்பியைப் பிடித்திருந்தவன் நான். என்னால் நிறுத்த முடியவில்லை, அது அவர் கால்மேல் ஏறிவிட்டது. மச்சானின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆயிற்று.

எட்டு மாதம் கழித்து, பழைய மிஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பட்டை வைத்ததைப் பார்க்கப் புறப்பட்டேன். அவரைக் கூப்பிடலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கம்பனிக்காரர்கள் நல்ல காய்ந்த கட்டையாகப் போட்டுக் காட்டுவார்கள், நாமே கொண்டுபோகலாம் என்று சொல்லி, பச்சைத் தென்னை மட்டையும் வேப்பங்கிளையும் வண்டியில் ஏற்ற வைத்தார்.

வண்டலூர் தாண்டி ஒரு பெரிய முற்றம். விற்பனைக்காரர் சின்ன மாடலை முதலில் காட்டினார். மூன்றடி கேட்டில் நுழையுமா, பட்டை தேய்ந்தால் மாற்ற எங்கே கிடைக்கும் என்று மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார். தென்னை மட்டையைப் போட்டதும் நார் சுற்றிக்கொண்டு மிஷின் நின்றுவிட்டது. பெரிய மாடல் தடங்கல் இல்லாமல் அரைத்துத் துப்பியது.

அதை ரிமோட்டில் நகர்த்தலாம் என்றார் விற்பனைக்காரர். மச்சானுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தபடியே மிஷினை ஜல்லிக் குவியல் மேல் ஏற்றினார், இறக்கினார், சேற்றில் குறுக்கே விட்டார். ஒரு இடத்திலும் அது வழுக்கவில்லை. எட்டு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"சார், இத்த உக்காந்துகினே ஓட்டலாம் இல்ல?" என்று கேட்டார்.

விற்பனைக்காரர் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "நகத்துறது ஓகே சார். ஆனா கிளை வைக்கிறவர் ரெண்டு காலையும் ஊனி நிக்கணும். கிளை துணியில மாட்டிச்சுன்னா உடனே விலகணும் இல்லையா?"

மச்சான் தலையாட்டினார். கரெக்ட்தான் என்றார். ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

வண்டி பெருங்களத்தூரைத் தாண்டியது. அப்புறம், பெரிய மாடலையே வாங்கு, சின்னது தென்னைக்கு ஆவாது என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு நீ சொன்னத நான் கேட்டிருந்தா மச்சான்..."

"வுடு மாப்ள. கல்ல வெச்சது நான்தானே" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெரிய மாடலைத்தான் வாங்கினேன். பூஜைக்கு வந்து கற்பூரம் காட்டியவர், அதற்குப் பிறகு வேலை நடக்கிற இடத்துக்கு வந்ததில்லை. இப்போது மரம் ஏற வேறு ஆள். வேலைக்கு வருகிற போனை மட்டும் மச்சான் எடுக்கிறார். என்ன மரம், பக்கத்துச் சந்து எத்தனை அடி, தரை ஈரமா என்று கேட்டுக் குறித்து எனக்குச் சொல்லுவார்.

போன வாரம் சேலையூரில் வேலை. அவர் வீட்டுக்கு அடுத்த தெரு, மிஷின் சத்தம் அங்கே வரைக்கும் கேட்கும். மதியம் சாப்பிட அங்கே போனேன். அந்த வெயிலில் ஜன்னலெல்லாம் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் டிவியை அணைத்தார். மிஷின் எப்படி ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாப்பாடு போடும்படி உள்ளே குரல் கொடுத்தார்.