மேல்மாடி அக்காவுக்கு நான் போட்ட டிக்

போன மாசி மாதம், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. திருச்சியில் உளவியல் படிக்கும் என் அக்கா மகளுக்கு ஒரு ப்ராஜெக்ட். துணிச்சல், அதிகாரம் போன்றவற்றை ‘ஆண் குணம்’ என்கிறோமே, அது கூடக் கூட, பேச்சுத்துணை தேடுவது குறைகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு தாள், கேள்விக்கு ஒன்று முதல் ஐந்து வரை கட்டம். நான் வாயாடி என்பதால் எங்கள் குடியிருப்பை என்னிடம் விட்டாள்.

வீடு வீடாக உட்கார்ந்து, ஊர்க்கதையோடு சேர்த்துக் கேட்டேன். மேல்மாடி அக்காவிடம் மட்டும் போகத் தயக்கம். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். தண்ணீர் லாரிக்காரர் முதல் அசோசியேஷன் செகரட்டரி வரை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. ‘அந்தம்மா நாலு ஆம்பளைக்குச் சமம்’ என்பார்கள். அவரைத்தான் தெரியுமே என்று அவர் தாளை நானே நிரப்பினேன். துணிச்சலுக்கு ஐந்து. ‘பேச ஆள் வேண்டும்’ என்பதற்கு ஒன்று. விறைப்பாகத் திரியும் இன்னும் சிலருக்கும் அப்படியே.

“சித்தி, துணிச்சல் ஏற ஏற, ஆள் தேவை அழகா இறங்குது!” என்று துள்ளினாள் அக்கா மகள். எனக்கும் பெருமைதான்.

மறுநாள் காய்கறிப் பையோடு படியேறும்போது மேலிருந்து குரல்.

“ஏம்மா, எல்லார் வீட்டுக்கும் போனியாமே. என் வீட்டுக் கதவு என்ன கடிக்குமா?”

“இல்லைக்கா... நேரம் அமையலை...”

“நீ வருவேன்னு முறுக்கு சுத்தி வச்சேன். நமுத்தே போச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது மடல் எரிந்தது.

மாலையே புதுத் தாளோடு போனேன். ‘பேச ஆள் வேண்டும்’ என்ற கேள்வி வந்ததும் தாளை வாங்கி, ஐந்தில் அவரே டிக் போட்டார். “இதுக்கு மேல கட்டம் இல்லையா?” என்றார். ஏற்கெனவே நிரப்பியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நமுத்த முறுக்கைத் தின்றுவிட்டு வந்தேன்.

என் அக்கா மகளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். நானாக நிரப்பியவற்றை நீக்கிவிட்டு, மறுபடி கணக்குப் போட்டாள். அழகாக இறங்கிய கோடு போன இடம் தெரியவில்லை. திரையில் புள்ளிகள் தாறுமாறாகக் கிடந்தன.

“அப்போ இத்தனை நாளும் நான் உங்களைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன், சித்தி.”

‘அவருக்கென்ன, தைரியசாலி, தனியா இருந்துப்பார்’ என்று யாரைப் பற்றி நினைக்க வந்தாலும், அந்தப் படிக்கட்டில் நின்ற மாதிரியே, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரிவதில்லை.