முப்பத்தெட்டு பேரும் சொன்ன ஒரே பதில்

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுப் பொய் என்பதை எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னது வழிகாட்டியோ நிபுணர் குழுவோ அல்ல. நான் பாடம் நடத்திய வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்.

அப்போது நான் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். எம்.ஏ. படிப்பவர்களுக்கு ஆய்வு முறையியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடத்தின் பெயரைக் கேட்டதுமே கொட்டாவி விடுகிற வகுப்பு அது. சும்மா வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைவிட என் சொந்த ஆய்விலிருந்தே மூன்று நேர்காணல்களைப் போட்டுக் காட்டலாம் என்று போனை ஸ்பீக்கரில் இணைத்தேன். 'பாருங்கள், நல்ல நேர்காணல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்கிற திமிரும் உள்ளே கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

குமுளி அருகே சக்குபள்ளம் பக்கத்து ஏலத் தோட்டங்களில் காயெடுக்கும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து அந்தப் பெண்களின் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. நான் பிறந்து வளர்ந்ததே அங்கே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்தான். அம்மா இன்றைக்கும் காயெடுக்கப் போகிறாள். முப்பத்தெட்டுப் பெண்களைப் பேட்டி கண்டிருந்தேன். எல்லாரும் நான் அத்தை, சித்தி, பெரியம்மா என்று கூப்பிட்டவர்கள். அம்மாவை மட்டும் விட்டுவிட்டேன். பெற்ற தாயைப் பேட்டி கண்டால் ஆய்வில் சார்பு நுழைந்துவிடும் என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் அத்தையும் சித்தியும் யார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

முடிவு எல்லாரையும் ஆச்சரியப்படுத்தியது. பெண்கள் பாதுகாப்பு விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள், பாதிப்பு ஏதுமில்லை. யாரும் எதிர்பார்க்காத கண்டுபிடிப்பு என்று என் வழிகாட்டி முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தைய கருத்தரங்குக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதை முடித்து ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால், அந்தக் கல்லூரியிலேயே நிரந்தர வேலைக்கான நேர்முகத்துக்குப் போகலாம். ஆறு வருஷமாக நான் கண்ட கனவு அது ஒன்றுதான்.

மூன்று குரல்களும் ஓடி முடிந்தன. அந்தப் பெண் எழுந்தாள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரி.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. ஏனுங்க மூணு பேரும் ஒரே மாதிரி பேசறாங்க? 'பத்து நாள் கழிச்சுத்தான்'னு சொல்லிப்போட்டு மூணு பேரும் அங்கயே மூச்சு வாங்கறாங்க. ஆரோ எழுதிக் குடுத்ததப் படிக்கறாப்பல இருக்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்குப் பெயர்தான் தரவு நிறைவு, கேட்கக் கேட்க ஒரே பதில் வர ஆரம்பித்தால் ஆய்வாளர் அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று விளக்கினேன். அதைப் பற்றி அத்தியாயத்தில் இரண்டு பக்கம் எழுதியவள் ஆயிற்றே நான்.

"மொத ஆளுகிட்டயே நெறஞ்சு போச்சுங்களா மேடம்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். ஆனால் போனில் பேட்டி எண்களைப் பார்த்தேன். மூன்றாவதாகப் போட்டது இருபத்தேழாவது பேட்டி. முதலில் போட்டது முதல் பேட்டியேதான்.

வகுப்பு முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் மூலையில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினேன். ஒவ்வொருவரும் ஏழாம் கேள்விக்குச் சொன்னதை மட்டும் வரிசையாகக் கேட்டேன். மருந்தடித்த தோட்டத்தில் எத்தனை நாள் கழித்துக் காயெடுக்க இறங்குவீர்கள்? "பத்து நாள் கழிச்சுத்தான். கையுறை போடுவோம், முகமூடி போடுவோம், சோப்பு போட்டுக் கை கழுவுவோம், ஒரு கொறையும் கெடையாது." அடுத்தவர், அதே. அதற்கடுத்தவர், அதே. எந்த வார்த்தையும் இடம் மாறவில்லை. பதினைந்து பேரோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை. இந்த ஒலிப்பதிவுகளை எத்தனையோ தடவை ஓடவிட்டு, நிறுத்தி, வரி வரியாக எழுதியவள் நான்தான். என் காது அப்போது எங்கே போயிருந்தது?

பின்னிணைப்பில் போட்டிருந்த படங்களையும் திறந்து பார்த்தேன். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைக்கும்போது நானே எடுத்த படங்கள். விரல்களெல்லாம் கன்னங்கரேல் என்று ஏலக்காய்க் கறை. நகக்கண் வரைக்கும் ஏறிய, சோப்புக்கும் அசையாத கறை. அந்தக் கையைப் படம் பிடித்துவிட்டு, பக்கத்துத் தாளில் 'கையுறை: ஆம்' என்று டிக் போட்டிருக்கிறேன். என்னை நானே ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். பொள்ளாச்சி, பழநி, தேனி என்று பஸ் மாறி மாறிக் குமுளியில் இறங்கி, அங்கிருந்து ஜீப். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா காயெடுத்துவிட்டு வந்து குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்க?"

பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன். "போன வருஷம் நான் பேட்டி எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கேள்வித்தாள யாராவது படிச்சாங்களாம்மா?"

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எப்போது கேட்பேன் என்று காத்திருந்தவள் போல.

"படிக்காம பின்ன? நீ பெட்டி மேல ஒண்ணு வச்சுட்டுப் போனேல்ல, அத நம்ம சபை உபதேசியார்ட்ட கொண்டு குடுத்தேன். அவரு ஒவ்வொரு கேள்வியா வாசிச்சு, எதுக்கு எது சரியான பதிலுன்னு யோசிச்சுச் சொன்னாரு. ரெண்டு ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு ஒருத்தியையும் வீட்டுக்கு விடல. வசனம் படிக்க மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்ல வச்சோம்லா. ஒன் பெரியம்மாவுக்குத்தான் மண்டையில ஏறவே இல்ல. அவளுக்குத் தனியா நான் சொல்லிக் குடுத்தேன்."

எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எங்கள் சபையில் அப்படித்தான் வேத வசனம் கற்றுக்கொள்வார்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லி, அவர் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு. என் முப்பத்தெட்டு ஒலிப்பதிவுகளிலும் கேட்டது எங்கள் உபதேசியாரின் மூச்சு.

"எதுக்கும்மா இப்படிச் செஞ்சீங்க?"

"என்னட்டி கேக்க? ஒருத்தி தப்பாச் சொன்னாலும் ஒனக்குத்தான மார்க்கு கொறையும்? நம்ம லயத்துல இருந்து இவ்வளவு தூரம் படிச்ச பிள்ள நீ ஒருத்திதான்."

"இது பரீட்சை இல்லம்மா!"

"பரீட்ச இல்லாட்டா எதுக்கு டிக்கு போட்ட? எதுக்கு மணி பாத்த?"

நான் போன விதம் அப்படி. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டை வைத்த தாள். ஆய்வாளர் நடுநிலையாக இருக்க வேண்டுமாம், அதனால் சித்தியிடம் போய், "தங்களுக்கு உடல் உபாதைகள் ஏதேனும் உண்டா?" என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று பதில் சொன்னாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தாளோடு ஒருவர் வந்து கேள்வி கேட்டால் அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வதுதான் தோட்டத்து வழக்கம். அதை எனக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிள்ளைக் காப்பகத்தைப் பார்க்க ஆபீசர் வருகிற அன்று, எங்களை வரிசையில் நிறுத்தி, "தெனமும் பால் தாராங்க" என்று சொல்லிப் பழக்குவார்கள். பால் கண்ணில்கூடப் பட்டதில்லை, ஆனாலும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது நான்தான். அதற்காக ஒரு தடவை மிட்டாய்கூடக் கிடைத்தது. அதே நான் பல்கலைக்கழகத்துக்குப் போய், முறையியல் படித்து, முறையியல் நடத்தவும் செய்து, எங்கள் பெண்கள் வாயிலிருந்து அதே பாலை வாங்கி ஆய்வேட்டில் ஊற்றியிருக்கிறேன்.

ரோட்டோரம் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய் வழிகாட்டிக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெதுவாகப் பேசினார். அந்த அத்தியாயம் நிற்காது, கருத்தரங்கை ரத்து செய்யச் சொல்லி நானே எழுதிக் கொடுக்க வேண்டும், பேட்டிகளை முதலிலிருந்து எடுக்க இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். நேர்முகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அது போயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

திரும்பி வந்து அம்மாவிடம் கத்தினேன். "ஆறு வருஷம்மா! என் பொழப்பையே கெடுத்துட்டீங்க எல்லாருமாச் சேந்து!" பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நல்லது செய்ததாக ஒரு வருஷம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தவள். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. கெடுத்தது அவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன?

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே கேட்டாள். "இப்ப என்ன செய்யணும்?"

"உள்ளது உள்ளபடி சொல்லணும். எல்லாரும்."

"அப்பம் எங்கிட்டயிருந்து ஆரம்பி. என்னயத்தான் நீ கேக்கவே இல்லையே."

சார்பாவது மண்ணாவது என்று அவள் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். மருந்தடித்து எத்தனை நாள் கழித்து இறங்குவீர்கள் என்று கேட்டேன். மறுநாளே என்றாள். காய் பழுத்துவிட்டால் சில நாள் அன்றைக்கு மத்தியானமே. கையுறை? இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள். தலைவலி, வாந்தி, கண் எரிச்சல், எல்லாவற்றுக்கும் வருஷமும் பருவமும் சொல்லிச் சொல்லிப் பதில் வந்தது. பதினான்காம் கேள்வியைத் தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தேன். முப்பத்தெட்டு பேரும் இல்லை என்று சொன்ன கேள்வி அது. கருச்சிதைவு உண்டா?

"ஒனக்கு முன்ன ரெண்டு," என்றாள் அம்மா. "ஒனக்குப் பெறவு ஒண்ணு. அது ஏழு மாசம். ஆம்பளப் பிள்ள. பயறுச் செடியில களை பறிக்க மாதிரி அவ்வளவு லேசாப் போயிட்டு."

நான் ஒரே பிள்ளை. பிறந்ததிலிருந்து நான்தான் மூத்தவள், நான்தான் கடைசி என்று நினைத்துக்கொண்டிருந்தவள். மருந்தினால்தானா என்று கேட்க வாயெடுத்தேன். அது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் கிளம்பினேன், கண்டுபிடித்துவிட்டதாகவும் எழுதி வைத்திருக்கிறேன்.

"எழுதலியா?" என்றாள்.

"எழுதுறேம்மா. ஒன் பேரு எங்கேயும் வராது. நம்பர்தான் போடுவேன்."

"ஏன் பேரு வராது?" அம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பினாள். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் கறுத்த விரலை அந்த வரியின் மேலேயே ஊன்றினாள். "பெத்தவ நாந்தான? எம் பேரயே போடு."